நீ பார்த்ததாகச் சொன்ன மாத்தளை

எனக்குப் பேன் பார்த்து, சடை பின்னி, அசைந்தால் தலையில் குட்டும் வைத்த என் சரசக்காவுக்கு,

உலையில் அரிசி கொதிக்கிறது. உன் மகள் தாரணி பின்பக்கம் சுடுதண்ணீர் வாளியோடு குளிக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தவள், இதற்குள் இரண்டு தரம் எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துவிட்டேன். மூன்று நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை அக்கா. இன்று காலை நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் சரிவரும்.

லண்டனில் பனிக்கால லீவாம். நீ கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது. "சித்தியோட மூணு நாள் இருக்கணும்" என்று பிள்ளை தனியாகவே கிளம்பி வந்துவிட்டாள். செய்தி கேட்டதும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கீழே மெயின் ரோட்டில் அந்த கெஸ்ட் ஹவுஸுக்குப் போய், ஆறு வருஷத்துக்கு முந்தி உனக்கு எடுத்துக் கொடுத்த அதே மேல்மாடி அறையைச் சொல்லி வைத்தேன். சுடுதண்ணீர் வரும், கக்கூசு அறைக்குள்ளேயே இருக்கும். புத்தி வந்ததா எனக்கு? வரவில்லை.

கண்டி ரயிலில் வந்து மழையில் இறங்கினாள். நாளெல்லாம் ஸ்பைஸ் கார்டனில் வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாப்பட்டையும் கொக்கோவும் காட்டிப் பேசுகிறவள் நான். இந்த மாதங்களில் குளிருக்குப் பயந்து ஓடி வருகிற கூட்டம் ஓயாது, வாயும் ஓயாது. ஆனால் அவளைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டு ஆட்டோவைத்தான் தேடினேன். ஆட்டோக்காரரிடம் கெஸ்ட் ஹவுஸ் என்றேன்.

"ஏங்க சித்தி, உங்க வீட்டுக்குத்தானே போறோம்? அம்மா வந்தப்போ உங்களோடதானே படுத்தாங்க?" என்றாள்.

உன் மகள் உன் தமிழைத்தான் பேசுகிறாள் அக்கா. லண்டனில் பிறந்தவள் வாயில் நம் தோட்டத்து லயத்துப் பேச்சு! ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மேல விடுங்க, வீட்டுக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டியதும் போனைத் திறந்து காட்டினாள். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொல்லச் சொல்ல அவள் எழுதியதாம். மாத்தளையில் பார்க்க வேண்டியது, தின்ன வேண்டியது, செய்ய வேண்டியது. எல்லாமே ஆறு வருஷத்துக்கு முந்தி நீ வந்த மார்கழியில் நீயும் நானும் சேர்ந்து செய்தவையாம். விடியற்காலைப் பூசைக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனோமாம். பலாபத்வலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தலகுளி வாங்கி, ஆளுக்கு நாலு எள்ளுருண்டை தின்றோமாம். ரிவர்ஸ்டன் மலைக் காற்றில் நம் குடை பூப்போல மலர்ந்து பறந்துபோனதாம். என் வீட்டு உள்காம்பராவில் ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைத்துவிட்டு ஒரே பாயில் படுத்தோமாம்.

நாம் எங்கே அக்கா போனோம்?

நீ வந்தாய், உண்மை. அப்போது வீட்டுக் கூரை இதைவிட மோசம். கக்கூசு அன்றும் வெளியேதான், கதவுக்குப் பதில் தகரம். இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்தவளை இதில் எப்படித் தங்க வைப்பது என்று வெட்கப்பட்டு உன்னை கெஸ்ட் ஹவுஸில் கொண்டுபோய் விட்டேன். "ரொட்டி சுடேன்டி" என்று நீ கேட்டது காதில் விழாதது மாதிரி, ஹோட்டலில் ஃப்ரைட் ரைஸும் போத்தல் தண்ணீரும் வாங்கிக் கொடுத்தேன். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று என் வேலைத்தலத்துக்கே கூட்டிப்போய், வெள்ளைக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில் உனக்கும் மிளகுக் கொடியைக் காட்டினேன். நாம் இரண்டு பேரும் மிளகு பொறுக்கி வளர்ந்தவர்கள்! நீ சிரிக்கக்கூட இல்லை. மூன்றாம் நாள் காலை புறப்பட்டுவிட்டாய். எனக்கு ஒரு பெரிய வெள்ளைக்கார குரூப் இருந்தது, ஸ்டேஷனுக்கு வரவில்லை. பெரிய மனுஷியாகிவிட்டாள், நம் இடம் பிடிக்கவில்லை என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன். பிறகு நீ லண்டனிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் வேலை வேலை என்று போனை வைத்தேன். அப்படியே ஆறு வருஷம்.

அந்த மூன்று நாளையா நீ இப்படி மாற்றிச் சொல்லி வைத்தாய்? பிள்ளை என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது என்றா? இல்லை, வரும்போதே அப்படி ஒரு மூன்று நாளை மனதில் வைத்துக்கொண்டுதான் பிளேன் ஏறினாயா?

இரண்டு நாளாக அவளோடு அலைந்தேன். உன் முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்துவிட்டதால் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். தலகுளி தின்றோம், அவளுக்குப் பல்லெல்லாம் எள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "அம்மா எங்க நின்னாங்க?" நான் கையைக் காட்டிக்கொண்டே போனேன். ரிவர்ஸ்டனில் வாய்க்கு வந்தபடி ஒரு கல்லைக் காட்டினேன். மழைக் காற்றில் நடுங்கிக்கொண்டு அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தாள் அக்கா. எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. நீ கொடுத்த நல்ல பெயரைத் தூக்கிக்கொண்டு இன்னும் எத்தனை கல்லைக் காட்டுவேன்?

இன்று காலை ரொட்டி சுட்டேன். தேங்காய்ப்பூ போட்டு, கட்டைச் சம்பல் அரைத்து. அடுப்பு முன்னால் குந்தியிருந்து, "அம்மா எத்தன ரொட்டி தின்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் தின்னல. நான் சுட்டே குடுக்கல பிள்ள" என்றேன். தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. அறை, போத்தல் தண்ணீர், ஸ்டேஷன், பேசாமல் வைத்த போன், கல், எல்லாவற்றையும் கொட்டினேன். ரொட்டிக் கல்லில் கிடந்த ரொட்டி கருகிப் போனது.

அவள் கத்தவில்லை. கருகிய ரொட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். "அம்மாவுக்குக் கோவமா இருந்திச்சா?" என்றாள்.

"தெரியாது. நான் கேக்கவே இல்ல."

எழுந்து செருப்பை மாட்டினாள். போகப் போகிறாள் என்று நினைத்தேன். "அந்த ரூம் எங்க? அம்மா நெசமா இருந்த இடம் அதுதானே. அத எனக்குக் காட்டுங்க" என்றாள்.

அலைச்சலில் அந்த அறையை வேண்டாம் என்று சொல்ல மறந்திருந்தேன், சாவி எங்கள் பெயரிலேயே இருந்தது. படியேறும்போதுதான் உறைத்தது, நான் அந்த மாடிக்கு ஒரு தரமும் போனதில்லை. அன்றைக்கு என் காலெல்லாம் சேறு. டைல்ஸ் தரை அழுக்காகும் என்று கீழே நின்றபடியே உன்னை அனுப்பினேன்.

வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலி ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. தாரணி திரைச்சீலையை விலக்கினாள்.

அங்கிருந்து எங்கள் வீடு தெரிகிறது அக்கா. ரோட்டுக்கு மேலே, மரவள்ளிக்கு அந்தப் பக்கம், முழுதாகத் தெரிகிறது. கூரைத் தகரம் பறக்காமல் வைத்த டயர், அடுப்புப் புகை, வாசல் படி. உன் கண்ணில் படக் கூடாது என்று நான் பாடுபட்ட தகரக் கதவுக் கக்கூசும் அங்கே நட்டநடுவில் நிற்கிறது.

மூன்று நாளும் என்னைப் பார்த்துக்கொண்டா இருந்தாய்? காலையில் தண்ணீர் தூக்கினேனே, அடுப்பு ஊதினேனே, சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் ஓடினேனே. ஒரு சத்தம் போட்டிருக்கலாமே அக்கா! "அடியே செல்வி, நான் மேல வாறேன்" என்று ஒரு சத்தம்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போனதிலிருந்து அழாத உன் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இருவரும் மூக்கைச் சிந்திக்கொண்டு கீழே வந்து சாவியைக் கொடுத்தோம்.

குளித்து முடித்துவிட்டாள், வாளிச் சத்தம் கேட்கிறது. நாளைக்குக் கண்டி வரை ரயிலில் அவளோடு போகிறேன், லீவு சொல்லியாயிற்று. இனி நம் ஆள் யார் வந்தாலும் என் வீட்டிலேயே பாய் போடுவேன், ஒழுகினாலும் சரி. உன் பிள்ளை கூப்பிடுகிற போனை ஒரு நாளும் வேலை என்று சொல்லி வைக்க மாட்டேன். இது சத்தியம் அக்கா.

உன்னை மேலே வா என்று கூப்பிடாத,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி