ஸ்டெல்லாவின் உலர்ந்த கரைப்பான்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

இன்று கல்லூரி ஆய்வகத்தில் ஸ்டெல்லாவின் தகட்டில் பாலிமர் படலம் படிந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். நான் ஊற்றும் அதே அக்ரிலோநைட்ரைல் திரவம், அதே மின்னழுத்தம். புத்தகம் பார்த்து நானே கற்ற வேலை. ஆனால் மழை தொடங்கியதிலிருந்து எனக்கு வெறும் தகடுதான். "இனி இதை ஸ்டெல்லாவே பார்க்கட்டும்" என்றார் பேராசிரியர், என் முன்னாலேயே.

"கரைப்பான்ல ஈரம் இருந்தா பாலிமர் சங்கிலி வளராதுங்கய்யா. தண்ணியில இருக்கிற ஹைட்ரஜன் ஒட்டிக்கிட்டு பாதியிலேயே நிறுத்திடும். நான் உலர்த்திட்டுதான் ஊத்துனேன். நீங்க இந்த மழைக்காத்துல பாட்டிலைத் திறந்தே வைக்கிறீங்க" என்றாள் ஸ்டெல்லா என்னிடம்.

"கோடையில எனக்குப் படலம் வரலையா?" என்றேன்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் தகடு பழசு என்றேன். நாளையும் அதையேதான் சொல்வேன். கிளம்பும்போது, யாரும் பார்க்காதபடி, என் பாட்டிலை இறுக மூடிவிட்டு வந்தேன்.