அஞ்சலை, பேத்தியின் இடுப்புக்காக உன் பெயரைச் சொன்னேன்

என் வாயாடித் தங்கச்சி அஞ்சலைக்கு,

நீ போன பிறகும் வீட்டில் நடப்பதையெல்லாம் விளக்கேற்றும்போது உன் படத்திடம் சொல்லிவிடுவேன். இதை மட்டும் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றேதான் எழுதுகிறேன்.

என் மகள் கோமதிக்குப் பெண் பிறந்திருக்கிறாள். எனக்குப் பேத்தி என்றால் உனக்கும் பேத்திதானே? மூக்கு உன் மூக்கு. அழுகையும் உன்னுடையதுதான், நம் லயத்து வரிசையின் கடைசி வீடு வரை கேட்கிறது.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் நம் லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கும் படிகள் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன. மழை பெய்தால் வழுக்கும். ஒரு கையில் குடை, ஒரு கையில் பிள்ளை என்றால் பிடிமானத்துக்குக் கை ஏது? அதற்காகக் கோமதியின் நாத்தனார், பிள்ளை தூக்கும் பை ஒன்று வாங்கிவந்தாள். அவளுக்கு எல்ல ஊரில் டூரிஸ்ட் ஹோட்டல் வேலை. அங்கே வெள்ளைக்காரிகள் பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு மலையேறுவதைப் பார்த்து ஆசைப்பட்டு, பதுளை டவுனில் வாங்கியிருக்கிறாள். நல்ல மனசு. அதை நான் குறை சொல்லவில்லை.

கோமதி பையை மாட்டிப் பிள்ளையை உள்ளே இறக்கினாள். பிள்ளையின் தொடைகளுக்கு நடுவே ஒரு சாண் அகலம்கூட இல்லாத துணி. இரண்டு கால்களும் கடையில் மாட்டிய பொம்மையின் கால்களைப் போல நேராகத் தொங்கின.

"கழட்டுடி அத" என்றேன்.

சம்பந்தியம்மா பூனாகலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். "எம் மக ஆசையா வாங்கிக் குடுத்தத கழட்டச் சொல்றீங்களே சம்பந்தி? ஒங்களுக்கு எதுதான் புடிக்கும்?" என்றாள்.

"காலு தொங்காம இருந்தா புடிக்கும்" என்றேன்.

அந்தக் கால்களில் நான் யாரைப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாதா? அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது நம்மை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவைப் பார்த்தேன். எனக்கு அப்போது ஐந்து வயசு இருக்கும். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா உன் கால்களை நீட்டி, ஒன்றாகச் சேர்த்து, பழஞ்சேலைத் துண்டால் கணுக்கால் வரை இறுக்கிச் சுற்றிப் படுக்கவைப்பாள். கால் கோணாமல் வளருமாம். சுற்றிய பிள்ளை உதைக்காது, உருளாது. அவளுக்கும் வேலை மிச்சம்.

நீ நடக்கத் தொடங்கியபோதுதான் ஒரு பக்கம் சாய்வது தெரிந்தது. ஆயம்மா என்ன சொன்னாள்? நீ வயிற்றில் இருந்தபோது அம்மா கிரகணத்தில் வெளியே போனாளாம். அம்மா சாகும்வரை அதை நம்பி அழுதாள். அந்த ஆயம்மாவை நான் மன்னிக்கவில்லை. அவள் செத்து மண்ணாகிவிட்டாள், அதனால் என்ன?

அத்தையையும் மன்னிக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, வந்தவர்கள் கண்ணில் நீ படக்கூடாது என்று உன்னை விறகுக்கு அனுப்பினாளே. நீ கத்தியை எடுத்துக்கொண்டு சிரித்தாய். "போறேன்க்கா. மாப்ள என்னயப் பாத்துட்டு ஒன்னய வேணாம்னுட்டா என்ன பண்ணுவ?" இருட்டும்வரை மழையில் நின்றாய். அந்தச் சிரிப்பு நிஜமா, அஞ்சலை? நான் கேட்கவேயில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். மறுநாள் தோட்டத்துக் கிளினிக்குக்குப் போனோம். சம்பந்தியும் வந்தாள், பையும் வந்தது. நர்ஸ் மிஸ்ஸி பிள்ளையை மேசையில் கிடத்தி, முழங்கால்களை மடக்கி, மெதுவாக வெளிப்பக்கம் விரித்துப் பார்த்தாள். இடது கால் முழுக்க விரியவில்லை. மறுபடியும் பார்த்தாள்.

"குடும்பத்துல யாருக்காவது பொறவியிலயே இடுப்புல பிரச்சினை இருந்திச்சா? தாங்கித் தாங்கி நடக்கிறவங்க?"

"அப்டி யாரும் இல்லீங்க மிஸ்ஸி" என்றாள் சம்பந்தி, கேட்டு முடிப்பதற்குள். மேசைக்கடியில் என் காலையும் மிதித்தாள். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் வீட்டாரை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வராது.

"இருக்கு" என்றேன். "எந் தங்கச்சி. பேரு அஞ்சலை. சாகுறவரைக்கும் தாங்கித்தான் நடந்தா."

வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். மிஸ்ஸி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நல்லவேளை சொன்னீங்கம்மா. இது குடும்பத்துல வரலாம். சொல்லாட்டி நாங்க கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்னு விட்டிருப்போம்."

உன் சேலைத் துண்டுக் கதையையும் சொன்னேன். அப்படி நேராக இறுக்கிச் சுற்றுவது இடுப்பு மூட்டுக்கு ஆகாது என்றாள். பையைப் பார்த்தும் தலையாட்டினாள். துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை தாங்க வேண்டுமாம், முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து நிற்க வேண்டுமாம். உனக்குப் பிறவியிலேயே இருந்ததா, அந்தத் துணி செய்ததா? கேட்டேன். இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றாள்.

மிஸ்ஸி எழுதிக் கொடுத்து அனுப்ப, பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். குழி ஆழமில்லை, மூட்டுச் சரியாக உட்காரவில்லை என்றார் டொக்டர். சின்ன வயசிலேயே பிடித்துவிட்டதால் பெல்ட் போட்டுப் பார்க்கலாம், அநேகமாகச் சரியாகிவிடும் என்றார். அன்றைக்கே போட்டுவிட்டார்கள், தோளிலிருந்து பாதம் வரை வார் வைத்த பெல்ட். கால்கள் தவளை மாதிரி மடிந்து விரிந்தே இருக்கும். அந்த பெல்ட்டோடு அகலமான பையில் வைத்துத் தூக்கலாமா என்று கேட்டேன். கால் விரிந்தபடியே இருந்தால் தூக்கலாம் என்றார்.

அங்கிருந்து நேராகப் பை வாங்கிய கடைக்குத்தான்.

"மத்தவங்க எல்லாம் இதத்தானேம்மா வாங்குறாங்க" என்றார் கடைக்கார முஸ்லிம் நானா.

"மத்தவங்க புள்ளைக்கு நீங்க பதில் சொல்லுவீங்க, எம் பேத்திக்கு நான்தான் பதில் சொல்லணும். அகலமா ஒண்ணு எடுங்க."

"அம்மா ஏசுறதுக்குள்ள எடுத்துருடா" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு அவரே சிரித்தார். மூன்று பைகளை விரித்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் பிள்ளையை உட்காரவைத்து, குனிந்து முழங்காலைப் பார்த்தேன். மூன்றாவதில்தான் நாற்காலியில் உட்கார்ந்தது போல உட்கார்ந்தாள். கோமதியின் நெஞ்சைப் பார்த்தபடி இருந்தாள், மூக்கும் வாயும் மூடாமல் இருந்தன. அதையே மாற்றிக்கொண்டோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிறோம். பூனாகலையிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். நேற்று சம்பந்தி போனில் கூப்பிட்டாள்.

"அன்னிக்கி ஒரு நாளைக்கு பெல்ட்ட கழட்டிருங்க சம்பந்தி. இல்லாட்டி நீட்டுக் கவுன் போட்டு மூடிருங்க. பொட்டப்புள்ள, நாளைக்கு நாலு பேரு வந்து பாக்கணும்ல?"

நான் கத்தவில்லை, அஞ்சலை. நீயே ஆச்சரியப்படுவாய். "டொக்டர் சொல்லாம பெல்ட் எறங்காது. மூடுற கவுனும் எங்கிட்ட இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். கோமதி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள், "கவுன் வேணாம்மா. சட்ட மட்டும் போடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே உட்காருவேன், பெல்ட்டோடு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. என்ன இது என்று கேட்பவர்களுக்கெல்லாம் உன் பெயரில் தொடங்கித்தான் பதில் சொல்வேன். இந்த மூட்டு சரியாகும்வரை ஒரு கிளினிக்கையும் தவறவிடமாட்டேன். ஒருவேளை சரியாகாமல் அவள் சாய்ந்தே நடந்தாலும், யார் வந்தாலும் அவளை விறகுக்கு அனுப்ப விடமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்த, மன்னிக்கத் தெரியாத அக்கா,
காமாட்சி