அலோசியஸ் அண்ணனின் ஸ்பீக்கர்கள்

7 ஜனவரி 2024, ஞாயிறு

ஊசியை மாற்றினேன். பழையது இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும், இருந்தாலும் மாற்றினேன். பலன் இல்லை. பாடகி கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாடுவது போல இருக்கிறது. மூன்று இசைத்தட்டு போட்டுப் பார்த்தேன். மூன்றும் அப்படித்தான்.

வியாழக்கிழமை அலோசியஸ் அண்ணனை அடக்கம் செய்தார்கள். செவ்வாய் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டாராம். நெஞ்சு. வட்டகொடை ஸ்டேஷனில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், அதனால் ரயில்வே ஆட்கள் நிறைய வந்தார்கள். நானும் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். பாரம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் குழிக்கரையில் ரொம்ப நேரம் நிற்கவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு தேயிலை பெக்டரியில் இருந்தேன். இரண்டாம் ரோலர் மோட்டாரில் பெல்ட் சத்தம். கழற்றிச் சரிசெய்தேன்.

இருபத்திரண்டு வருடம். அவருக்கு ட்யூட்டி இல்லாத ஞாயிறெல்லாம் மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே எங்கள் குவாட்டர்ஸுக்கு வருவார். இடது நாற்காலி அவருக்கு, வலது எனக்கு. மதியம் வரை பாட்டு. பேச்சே கிடையாது. தட்டைத் திருப்பிப் போடும்போது "ம்" என்பார், அவ்வளவுதான்.

அம்ப்ளிஃபயரும் டேர்ன்டேபிளும் என்னுடையவை. ஸ்பீக்கர் இரண்டும் அவருடையவை. இது என் சம்சாரம் நாகலெட்சுமிக்குத் தெரியாது. அண்ணனின் சம்சாரம் றோசலின் அக்காவுக்கும் தெரியாது. நுவரெலியாவில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது அண்ணன் வாங்கினார். அவர் வீடு தண்டவாளத்தை ஒட்டி, ரயில் போனால் ஊசி துள்ளும். அதனால் இங்கே வைத்தோம். "வீட்ல சொல்லிறாதீங்க யோகேசு, தெரிஞ்சா எனக்குச் சோறு கெடைக்காது" என்றார். நான் சொல்லவில்லை. இனிச் சொல்லலாமா என்று யாரிடம் கேட்பது?

8 ஜனவரி, திங்கள்

வேலை. சாப்பாடு. தூக்கம்.

14 ஜனவரி, ஞாயிறு

பனிதான் காரணம் என்று நினைத்தேன். இந்த மாதத்தில் இங்கே அலுமாரிக்குள் வைத்த சப்பாத்தே பூஞ்சணம் பூத்துப்போகிறது, கம்பி முனை என்ன செய்யும். அம்ப்ளிஃபயரைத் திறந்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கெப்பாசிட்டர் ஒவ்வொன்றையும் மீட்டரில் பிடித்தேன். ஸ்பீக்கர் வயரைப் புதிதாக இழுத்தேன். இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிக்கூடப் பார்த்தேன். மீட்டர் எல்லாம் சரி என்கிறது. காது இல்லை என்கிறது. முப்பது வருட எலக்ட்ரீசியன் நான், மீட்டரை நம்பித்தான் பிழைத்தேன்.

நாகலெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்து, தரை முழுக்கக் கிடந்த ஸ்குரூவைப் பார்த்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பெட்டியத் தெறந்து தெறந்து என்னாத்தத் தேடுறீங்க?"

எனக்கும் தெரியாது.

15 ஜனவரி, திங்கள். பொங்கல்

போன வருடம் மஸ்கெலியாவில் ஒரு சித்தப்பா செத்தார். என் ஆயுளில் அவரை நாலு தடவை பார்த்திருப்பேன். பங்காளி என்று பதினாறு நாள் தீட்டு. கோயிலுக்குப் போகவில்லை, பாட்டுப் போடவில்லை. அந்த இரண்டு ஞாயிறும் அலோசியஸ் அண்ணன் வந்தார். பாட்டு இல்லை என்று தெரிந்தும் வந்தார். இடது நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மதியம் எழுந்து போனார்.

இன்று விடிய நாகலெட்சுமி பானை வைத்தாள். "இந்த வருசம் பொங்கணுமா?" என்றேன். திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, நமக்கென்னா தீட்டு?"

சரிதான். அவர் வேதக்காரர், நாங்கள் சைவம். சொந்தமில்லை, பந்தமில்லை. கூட்டாளிக்கு எத்தனை நாள் என்று எந்த ஐயரும் சொல்லிவைக்கவில்லை. நாலு தடவை பார்த்த சித்தப்பாவுக்குப் பதினாறு நாள், இவருக்கு ஒரு நாளும் இல்லை. பெக்டரியிலும் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறார்கள்?

பொங்கல் சாப்பிட்டேன். இனிப்பாக இருந்ததா என்று இப்போது ஞாபகமில்லை.

19 ஜனவரி, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு ஹட்டனுக்குப் போனேன். காது டாக்டர் வரும் நாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்னச் சத்தமாகக் கொடுத்தார்கள். கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கவேண்டும். எல்லாம் கேட்டது. டாக்டர் இளம்பெண், சிங்களத்தில் சொன்னார்: ஐம்பத்தேழு வயதுக்கு, அதுவும் தேயிலை பெக்டரி இரைச்சலுக்குள் இருந்துகொண்டு, இப்படி ஒரு காதை அவர் பார்த்ததில்லையாம்.

சந்தோஷப்பட வேண்டிய விசயம். பஸ்ஸில் வரும்போது சந்தோஷப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.

காது சரி. ஊசி சரி. அம்ப்ளிஃபயர் சரி. வயர் சரி. மிச்சம் ஸ்பீக்கர்தான்.

21 ஜனவரி, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். ஸ்பீக்கர் கெட்டுப்போய்விட்டது. உள்ளே கடதாசிக் கூம்பு ஈரம் குடித்திருக்கும். நாற்பது வருடப் பழசு, வேறென்ன எதிர்பார்க்க முடியும்? கெட்டுப்போன சாமானைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு விதவையின் வாசலில் வைப்பதில் என்ன இருக்கிறது? றோசலின் அக்காவிடம் சொல்லவே தேவையில்லை.

— இதை எழுதிவிட்டு ஒரு தடவை படித்தேன். எனக்கே என் மேல் சந்தேகம் வருகிறது. ஸ்பீக்கர் பழுதாக இருக்க வேண்டும் என்று நானே ஆசைப்படுகிறேனா?

அவை போய்விட்டால் இந்த வீட்டில் அண்ணனுடையது ஒன்றும் இருக்காது. அதுதான் உண்மை. எழுதியாகிவிட்டது.

27 ஜனவரி, சனி

போனில் எங்களைப் போன்ற பாட்டுப் பைத்தியங்களுக்கு ஒரு குரூப் உண்டு. ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று அதில் போட்டிருந்தேன். கண்டியிலிருந்து தர்ஷன் என்று ஒருவர், பேங்கில் வேலையாம், பார்க்கவேண்டும் என்று இன்று வந்துவிட்டார். நான் சொல்வதற்குள் இடது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தட்டைப் போட்டேன், ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, இதுல என்னண்ணே கொற? வீடு வீடாப் போய்க் கேட்டிருக்கேன், இப்படி ஒரு சத்தம் கேட்டதில்ல."

"மூடிக்கிட்டு இருக்கிற மாதிரி இல்லையா?"

"மூடியா? பக்கத்துல உக்காந்து பாடுறாங்கண்ணே. எனக்கே குடுத்துருங்க. இப்பவே வேன் கூப்புடுறேன்."

"குடுக்க ஏலாது தம்பி. இது என்னுது இல்ல. அலோசியஸ் அண்ணனோடது."

வாயிலிருந்து வந்துவிட்டது. குசினியில் சட்டி கழுவும் சத்தம் நின்றது.

தர்ஷன் போனதும் நாகலெட்சுமி வந்து நின்றாள். "றோசலின் அக்காக்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல. அவரு சொல்லக் கூடாதுன்னாரு."

"அது அவரு இருக்கையிலங்க." கொஞ்சநேரம் அந்தப் பெட்டிகளைப் பார்த்தாள். "செத்த மனுசனோட சாமான வச்சிக்கிட்டு மூனு வாரமா அதக் கொற சொல்லிக்கிட்டு இருந்திருக்கீங்க."

28 ஜனவரி, ஞாயிறு

பாட்டுப் போடவில்லை. நேற்று தர்ஷன் இடது நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்குக் கோபம் வந்தது. இந்த மாதத்தில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான். அதனால் எழுதிவைக்கிறேன்.

1 பெப்ரவரி, வியாழன்

அண்ணனின் முப்பத்தோராம் நாள் பூசை. நானும் நாகலெட்சுமியும் போனோம். வீட்டில் சாப்பாடு கொடுத்தார்கள். ஆட்கள் கலைந்த பிறகு, பின்பக்கம் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் றோசலின் அக்கா தனியாக நின்றபோது சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஸ்பீக்கரா? அந்த மனுசனா?" என்றார். திட்டுவார் என்று நின்றேன்.

"ஸ்பீக்கர் கெடக்கட்டும் தம்பி. பூசைக்கு ஒன்னாத்தான் போவோம். முடிஞ்சி வெளிய வந்தா கோயில் வாசல்ல நான் இந்தப் பக்கம், அவரு அந்தப் பக்கம். இருவத்திரெண்டு வருசம். எனக்குன்னு ஒரு ஞாயித்துக்கெழம இருந்துச்சா?"

அக்கா பீப்பாவில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினார்.

"ஒரு நாளாவது, அக்கா நீங்களும் வாங்கன்னு ரெண்டு பேர்ல ஒருத்தருக்குச் சொல்லத் தோணலயே."

தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? நாற்காலி இரண்டுதான் போட்டிருந்தோம். என் வீட்டிலேயே நாகலெட்சுமி ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்ததில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.

4 பெப்ரவரி, ஞாயிறு

காலையிலேயே வயரைக் கழற்றி, ஸ்பீக்கர்களைத் துடைத்து, சீலையால் சுற்றி வைத்தேன். பத்து மணிக்கு அக்கா த்ரீவீலில் வந்தார், கூட மகள் யூஜினா. சுற்றி வைத்திருந்ததைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது.

"கழட்டிட்டீங்களா? அவரு கேட்டத நானும் ஒருக்காக் கேக்கணும்னு வந்தேன்."

வயரைத் திரும்பப் பூட்டினேன். நாகலெட்சுமி இடது நாற்காலியை அக்காவுக்கு இழுத்துப் போட்டாள்.

"எதப் போடட்டும்க்கா?"

"நீல அட்டையில படகு இருக்குமாமே. அது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுக்கு வந்தா வாய மூடுனாத்தானே? சோத்தப் போட்டு வச்சா, சோறு ஆறிப்போகும், இவரு பாட்டச் சொல்லிக்கிட்டு இருப்பாரு. எங்க என்னா வருது, எந்தப் பக்கம் வருது, ஒன்னொன்னா. எனக்கு எரிச்சலா வரும்."

"இங்க பேசவே மாட்டாரேக்கா."

"பேச மாட்டாரா?" அக்கா என்னைப் பார்த்தார். "இருவத்திரெண்டு வருசமாவா?"

தட்டைப் போட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப புல்லாங்குழல், வலப்பக்கம்" என்றார். வந்தது. "இவ பாடி முடிஞ்சதும் வயலின் எல்லாம் ஒன்னா ஏறும்." ஏறியது. நான் என் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தேன். "ரெண்டாவது சரணத்துக்கு முந்தி அவ மூச்சு இழுப்பா. இந்தா." இழுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பாட்டைக் கேட்கிற மனுசி, கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல எனக்குச் சொல்லிக்கொண்டு போகிறார்.

"இப்ப யாரோ ஒரு நாற்காலிய நகத்துவாங்களாம். எடப்பக்கம், தூரத்துல. அது பாட்டுல சேத்தி இல்லயாம்."

இல்லையக்கா, அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தட்டை எத்தனை நூறு தடவை போட்டிருப்பேன். வயர் மாற்றினால் அதைப் போட்டுத்தான் சோதிப்பேன்.

வந்தது. வயலினுக்குப் பின்னால், தரையில் மரம் உரசுகிற சின்னச் சத்தம். ரெக்கோர்ட் பண்ணின அன்றைக்கு யாரோ வாத்தியக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருடம் நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்?

"சொன்னேன்ல" என்றார் அக்கா, கண் திறக்காமல்.

அதற்குப் பிறகு என்னால் அடக்க முடியவில்லை. சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன், மூன்று பேருக்கு முன்னால், சத்தம் போட்டு. பெட்டிக்குத் தோள் கொடுத்தபோது வராததெல்லாம் வந்தது. நாகலெட்சுமி என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். யூஜினா போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா அழவில்லை. பாட்டு முடியும் வரை அப்படியே இருந்தார்.

பிறகு ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக நானே தூக்கி த்ரீவீலில் வைத்தேன். "இதுக்கு அம்ப்ளிஃபயர் வேணும்க்கா, சும்மா வச்சா சத்தம் வராது" என்றேன்.

"தெரியும். அது உங்கக்கிட்ட இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

6 பெப்ரவரி, செவ்வாய்

பெக்டரியில் கணக்கப்பிள்ளை "என்னாங்க, மொகம் வீங்கிருக்கு?" என்று கேட்டார். கூட்டாளி செத்துப்போய்விட்டார் என்றேன். எப்போ என்று கேட்டார். போன மாதம் இரண்டாந்திகதி என்றேன். விசித்திரமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

11 பெப்ரவரி, ஞாயிறு

நேற்று யூஜினா போன் பண்ணினாள். "அம்மா ஒன்னு சொல்லச் சொன்னாங்க அங்கிள். எங்க வீட்டுக்கு வந்து சும்மா உக்காந்துட்டுப் போறதா இருந்தா வர வேணாமாம். எங்க என்னா வருதுன்னு பேசணுமாம்."

எனக்குப் பேச வராது. நேற்று பின்னேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு தட்டைக் கேட்டேன். எந்த இடத்தில் தபேலா மாறுகிறது, எந்தப் பக்கம் மணி அடிக்கிறது, எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் வரிசையாக எழுதினேன். இரண்டு பக்கம் வந்துவிட்டது.

அக்கா வீட்டுக்குப் போக அம்ப்ளிஃபயரும் டேர்ன்டேபிளும் த்ரீவீலில் ஏற்றியாயிற்று. ரயில் போனால் ஊசி துள்ளும், துள்ளட்டும். நாகலெட்சுமி சீலை மாற்றிக்கொண்டிருக்கிறாள். கடதாசி சட்டைப்பையில் இருக்கிறது.