உள்பக்கம் தேய்ந்த டயர்

மிலா,

வாசலில் கார் முன்சக்கரம் இல்லாமல் நிற்கிறதே என்று பதறாதே. இரண்டையும் கழற்றி, வாடகை ட்ரைசிக்கிளில் ஏற்றி டயர் கடைக்குப் போகிறேன்.

“மழையில பிரேக் போட்டா வழுக்குது” என்று நேற்று நீ சொன்னாய். “டயர் பட்டன் நல்லாத்தானே இருக்கு, உனக்குத்தான் ஓட்டத் தெரியல” என்று சிரித்தேன். காலையில் சக்கரத்தைத் திருப்பி உள்பக்கம் தடவிப் பார்த்தேன். அங்கே பட்டனே இல்லை. வழுவழுவென்று தேய்ந்து கம்பி தெரிகிறது. இதிலா தினமும் மலையிறங்கி ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வந்தாய்? மன்னித்துவிடு.

பூண்டுச் சோறும் பொரித்த கருவாடும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி படு.

ரொமுலோ

பி.கு.: சாயந்திரம் உன் அம்மாவை அழைத்துவர நீயே ஓட்டு. நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வருகிறேன்.