வேரில் இருந்த மாவு

என் பிரியமான அப்பாவுக்கு நேலிடா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சீலோயே தீவில் மழை விட்டதா?

இங்கே குரிகோவில் நான் வேலை செய்யும் தோட்டத்தில் செர்ரி மரங்கள் குளிருக்கு மொட்டையாக நிற்கின்றன. ஒரு பகுதியில் மட்டும் பூச்சி விழுந்து கோடையிலேயே இலை கொட்டிவிட்டது. அந்த நானூறு மரங்களும் செத்துவிட்டன, பிடுங்குங்கள் என்றார் மேஸ்திரி எவரிஸ்டோ. இலை உதிருமுன் மரம் வேரில் உணவைச் சேர்த்து வைக்கும். அதைக் கொண்டுதான் வசந்தத்தில் பூக்கும். அது இருக்கிறதா என்று பார்க்க மண்ணைத் தோண்டி வேரில் ஒரு துண்டை நறுக்கி அயோடின் விட்டேன்.

"என்னம்மா, மை போட்டுப் பாக்குறியா?" என்று சிரித்தார்.

"மாவுச்சத்து இருந்தா கறுக்கும். கொஞ்சம் பொறுங்க."

சோதித்த பத்து மரங்களில் எட்டின் வேர் கறுத்தது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சரி, பூக்குற வரைக்கும் விட்டுவைப்போம். தப்பிச்சுதுங்க."

சந்தோஷத்தில் நான் தோண்டிய குழியிலேயே விழுந்தேன். கணுக்காலில் சின்ன வீக்கம், கவலைப்படாதீர்கள். மாலையில் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மரங்கள் பிழைத்ததைச் சொல்ல ஆளில்லாமல் தனியாகச் சூப்பு குடித்தேன்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். இடது காலுக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். கடிதத்தை நீளமாக எழுதுங்கள். எந்த ஆடு குட்டி போட்டது, யார் வந்து போனார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். சாப்பிடும்போது படிப்பேன்.

தபாலை எடுத்துப்போக வண்டிக்காரர் வந்துவிட்டார்.

உங்கள் மகள்,
நேலிடா