மூடினால் தூங்கு, திறந்தால் பேசு

மார்ச் 3, செவ்வாய்

அக்கா போனில் கொதித்தாள். கோர்ட்டில் வாதத்துக்கு நடுவே மடிக்கணினியை மூடித் திறந்திருக்கிறாள். அது வாயடைத்துப்போய்விட்டது. அவளுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினி படிக்க, இயர்போனில் கேட்டுக்கொண்டே வாதாடுவாள். அணைத்துத் திரும்பப் போடும்வரை கோர்ட்டே காத்திருந்ததாம்.

"எதிர்த்தரப்பு வக்கீல், 'பரவாயில்லம்மா, நிதானமா பாருங்க'ன்னாரு. எரிச்சலா வந்துச்சுடீ. அந்தாளு என்கூட சண்டைதானே போடணும்?"

பதினாறாம் தேதி இறுதி வாதம். கணினி எங்கள் கம்பெனி தயாரிப்பு. வாங்கச் சொன்னதும் நான்தான். எங்கே போய் முட்டிக்கொள்ள?

மார்ச் 4, புதன்

நல்ல வேளை! மீசை இதற்கான திருத்தத்தை அனுப்பிவிட்டார். மீசை என்றால் எங்கள் பிரிவில் ஆடியோ டிரைவர், அதாவது கணினியின் ஒலிச் சில்லை இயக்கும் நிரல், எழுதுபவர். மீசையைத் தவிர எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷர். சரிபார்ப்பது என் வேலை. நான் ஒப்புக்கொண்டால்தான் அடுத்த அப்டேட்டில் சேரும்.

மூடியதும் கணினி தூங்கப்போனால் ஒலிச் சில்லுக்கு மின்சாரம் நின்றுவிடும். சத்தம் எவ்வளவு, எந்த வழியாக என்பதெல்லாம் அதற்கு மறந்துபோகும். டிரைவர் அவற்றைச் சேமித்துவைத்து, விழித்ததும் திருப்பி எழுத வேண்டும். மீசையும் எழுதத்தான் செய்கிறார், ஆனால் சில்லின் கிளாக், அதன் இதயத் துடிப்பு மாதிரி, ஓடத் தொடங்குவதற்கு முன்பே. அது எங்கே வாங்கிக்கொள்ளும்?

"முதல்ல கிளாக், அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றேன்.

"தூங்குறவன் வாயில காபி ஊத்திட்டேன் போல" என்று சிரித்தார்.

மார்ச் 6, வெள்ளி

மாற்றி அனுப்பினார். பாட்டைப் போட்டேன், நிறுத்தினேன், மூடினேன், திறந்தேன், போட்டேன். பாடுகிறது! ஒப்புதல் கொடுத்தாயிற்று. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 7, சனி

அக்கா வீட்டுக்கே போய்ப் புது டிரைவரைப் போட்டேன். கணினி ஏதோ தீர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தது. பாதி வாக்கியத்தில் பட்டென்று மூடினாள். திறந்தாள். சத்தமே இல்லை.

"என்னடீ பண்ணி வச்சிருக்க?"

"அது பேசிட்டிருக்கும்போதா மூடுவ?"

"பின்ன? ஜட்ஜ் கேள்வி கேட்டா, இது பேசி முடிக்கட்டும் ஐயான்னு சொல்லவா?"

அசடு வழிந்தேன். மீசையும் நானும் பாட்டை மரியாதையாக நிறுத்திவிட்டுத்தான் மூடியிருக்கிறோம். ஆபீஸில் எல்லாருக்கும் அதே பழக்கம். ஓடும்போதே மூடினால் என்ன ஆகும் என்று ஒருத்தர் — ஒரே ஒருத்தர்! — பார்க்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதினேன்: என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். மேலாளர் முகம் சுருங்கிவிட்டது.

"வியாழக்கிழமைக்குள்ள வரலேன்னா இந்த அப்டேட்ல கிடையாது. அடுத்தது மாசக் கடைசிதான்."

அப்போ அக்கா? மறைத்திருக்கலாமோ? சேச்சே. மறைத்தாலும் அவளுக்கு ஊமைக் கணினிதானே கிடைத்திருக்கும்.

மார்ச் 11, புதன்

பிடித்துவிட்டோம்! சத்தம் ஓடும்போதே மின்சாரத்தைப் பிடுங்கியதால், விழித்த பிறகும் சில்லு விட்ட இடத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. இப்போது டிரைவரே முதலில் ஓட்டத்தை நிறுத்துகிறது. விழித்ததும் எல்லாவற்றையும் திருப்பி எழுதிவிட்டு ஓடவிடுகிறது. பிரிவு முழுக்கப் பாட்டைப் போட்டுப் போட்டு மூடிப் பார்த்தோம். ஒரே கூத்து. பக்கத்துப் பிரிவிலிருந்து வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

மார்ச் 12, வியாழன்

சேர்ந்துவிட்டது. அக்கா கணினியிலும் போட்டாயிற்று, வேண்டுமென்றே பத்துத் தடவை சாத்திப் பார்த்தாள் ராட்சசி.

மார்ச் 16, திங்கள்

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"பேசுச்சா?" என்றேன் எடுத்ததுமே.

"அது பேசுச்சு. அந்த வக்கீல்தான் என்னைப் பேச விடல! வாயைத் திறந்தாலே எழுந்து ஆட்சேபணைங்கிறாரு. ஒருவாட்டி மேசையையே தட்டிட்டாரு."

குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"சரி, தீர்ப்பு?"

"அது அடுத்த மாசம். அதை விடு. மனுஷன் இன்னிக்கு என்கிட்ட எப்படிக் கத்தினாரு தெரியுமாடீ!"