உன் அப்பா போடாத ஓட்டு

தும்யாத்,
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணான மகன் ரிஃபாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். சுகமில்லாதவை உன் அப்பாவின் முழங்காலும் என் பொறுமையும்தான், அவை இரண்டும் நீ மிலானுக்கு விமானம் ஏறும் முன்பே அப்படித்தான் இருந்தன. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனால் நீ அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்று ஊராருக்கெல்லாம் சுட்டுப் போடுகிறவன் தன் வயிற்றை மட்டும் மறந்தால் அது என்ன நியாயம்? காப்பிக் கடைக்காரர் ஹமீஸின் மைத்துனன் உங்கள் ஊருக்குத் திரும்பிப் போகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே காய்ந்த முலூகிய்யா கீரையும் நம் ஊர் முஷப்பக் மிட்டாய் ஒரு பெட்டியும் இருக்கின்றன, வழியில் அவன் பெட்டியைத் திறந்திருந்தால் எனக்குச் சொல், அவன் அக்காளிடம் பேசிக்கொள்கிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்கிறார். உன் குரலையாவது கேட்கலாம் என்றுதான். நீதான் அவரோடு பேசுவதில்லையே.

அதற்காகத்தான் எழுதுகிறேன், சுற்றி வளைக்கவில்லை. தொலைக்காட்சியில் அப்பா பேசியதை யாரோ வெட்டி ஒட்டிப் போட்ட துண்டைப் பார்த்துவிட்டு அவருக்குக் கோபமாக ஒரு குரல் செய்தி அனுப்பினாய், அன்றிலிருந்து உனக்கும் அவருக்கும் பேச்சில்லை. நடந்தது முழுவதையும் நான் சொல்கிறேன், அதன் பிறகு நீயே முடிவு செய்.

இந்த வருஷத்துச் சிறந்த விளையாட்டு வீரருக்கான தேசிய விருதுக்கு மூன்று பேரை நிறுத்தினார்கள் இல்லையா, பாதி தேர்வுக்குழு, பாதி மக்கள் ஓட்டு என்றார்கள். ஒருவன் அந்தப் பந்துக்காரன், அவன் பெயரை எழுதி மையை வீணாக்க மாட்டேன். இன்னொருத்தி உன் கூடப்பிறந்த நம் நாஹித், பளுதூக்குவதில் ஆப்பிரிக்காவில் முதல், உலகத்தில் மூன்றாவது. மூன்றாவது ஆள் ஸோஹாகிலிருந்து வந்த இக்ராம் என்ற பெண். சின்ன வயதிலேயே கால்கள் விளங்காமல் போய் சக்கர நாற்காலியில் இருப்பவள். பலகையில் மல்லாந்து படுத்துக் கையால் மட்டும் எடையை மேலே தள்ளுகிற போட்டியில் உலகத்திலேயே முதலாவதாக வந்து, அதுவரை இருந்த சாதனையையும் உடைத்தாள். அவள் ஜெயித்த செய்தியைப் பத்திரிகையில் கிழங்கு விலைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

பெயர்கள் வந்த நாளிலிருந்து நம் சந்தில் எவனும் தன் வேலையைப் பார்க்கவில்லை. ஹமீஸ் தட்டில் தேநீரை வைத்துக்கொண்டே, "ரெண்டு பொண்ணுங்க இரும்பைத் தூக்கினா நாடு தெருவுல இறங்கி ஆடுமா? அவன் ஒரு கோல் போட்டான்னா கெய்ரோவே ஆடுது, விருது அவனுக்குத்தான்" என்று பந்துக்காரனுக்காகத் தொண்டை கிழியக் கத்துவார். மேலே பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிற உன் ஃபிக்ரிய்யா அத்தை சும்மா இருப்பாளா? "ஆட வைக்கிறதுக்குத்தான் விருதுன்னா கல்யாண வீட்டு ஆட்டக்காரிக்குக் கொடுங்கடா! எங்க வீட்டுப் பொண்ணு நூறு கிலோவைத் தலைக்கு மேல தூக்குறா, நீ அந்தத் தேநீர்த் தட்டையே ரெண்டு கையால பிடிக்கிற" என்று கீழே பார்த்துக் கத்துவாள். தெருவே சிரிக்கும். இக்ராமைப் பற்றி மட்டும் யாரும் சண்டை போடவில்லை. பாவம் நல்ல பொண்ணு, அவ மாதிரி இருக்கிறவங்களுக்குத்தான் தனியா ஒரு விருது இருக்கே என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் சொன்னேன்.

அப்போதுதான் அந்தத் தொலைக்காட்சிக்காரர்கள் உன் அப்பாவின் பட்டறைக்கு வந்தார்கள். வீராங்கனையின் தந்தை நாற்காலிக் கால் செதுக்குகிறார் என்று காட்டினால் பார்க்கிறவர்கள் உருகுவார்கள் என்று நினைத்திருப்பார்கள். நாஹித் அன்று விடுமுறையில் வீட்டில்தான் இருந்தாள். நானும் அத்தையும் பக்கத்து வீட்டுக்காரிகளும் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு நேரலையில் பார்த்தோம், குலவையிட நான் தயாராக மூச்சை இழுத்து வைத்திருந்தேன். பேட்டி எடுக்க வந்த மினுக்குச் சட்டைக்காரன், "உங்க ஓட்டு யாருக்குன்னு கேட்கவே வேண்டாம், இல்லையா மாமா?" என்றான். உன் அப்பா உளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் கேட்கக் கூடாது? இந்த வருஷம் அது இக்ராமுக்குத்தான் போகணும்" என்றார். உன் அப்பா விடவில்லை. "என் மக என் உசுரு. ஆனா அவ உலகத்துல மூணாவது, அந்தப் பொண்ணு முதல். நாற்காலியில வர்றாங்கறதுக்காக முதல்ல வந்தவளை ஓரமா நிக்க வெச்சுட்டு மூணாவதா வந்தவளை முன்னால தள்ளினா, நாளைக்கு என் மக முதல்ல வரும்போது அவளுக்கு என்ன மரியாதை?" என்றார். விருந்தாளியிடமே, சாப்பிட்டுப் படுக்கிறீங்களா, வயிறு லேசாப் படுக்கிறீங்களா என்று கேட்கிற கஞ்ச ஊர் இது என்று நாடே நம்மைக் கேலி பண்ணுமே, அந்த மினுக்குச் சட்டைக்காரனும் அதையே பிடித்துக்கொண்டான். "பார்த்தீங்களா, தும்யாத்காரர் பெத்த பொண்ணுக்கே ஒரு ஓட்டை அவிழ்க்க மாட்டேங்கிறார்!" என்று சிரித்தான். நீ பார்த்த துண்டு அதுதான், முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் வெட்டிவிட்டார்கள்.

என் குலவை தொண்டையிலேயே நின்றுவிட்டது. நாஹித் எழுந்து போய்ப் பையில் துணியைத் திணித்துக்கொண்டு கெய்ரோவுக்கு, பயிற்சி முகாமுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு உன் அப்பா முகமெல்லாம் பல்லாக ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்போடு வந்து நின்றார், ஏதோ பெரிய நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி. "எங்கே என் பொண்ணு? பார்த்தாளா?" என்று கேட்டார். மனுஷன்மீது எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அன்றிலிருந்து காலை, மதியம், இரவு மொச்சை மசியல்தான் வைத்தேன். "பொய் சொல்லச் சொல்றியா இன்ஷிராஹ்?" என்று கேட்டார். "பொய் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவோ இடம் இருக்கு" என்றேன். அவர் மொச்சையைச் சாப்பிட்டார். நாஹித் அவருடைய போனை எடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை. பட்டறையிலிருந்து வந்தால் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெற்ற இரண்டும் ஒரே நேரத்தில் முகம் திருப்பிக்கொண்டால் ஒரு மனிதன் எப்படி இருப்பான் என்று நான் அப்போதுதான் பார்த்தேன், எனக்கே மொச்சை வைக்க மனம் வரவில்லை.

வாத்தைப் பொரித்து எடுத்துக்கொண்டு நானே கெய்ரோவுக்குப் போனேன். நாஹித் வாத்தின் ஒரு காலைத் தின்று முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அவள் கோபம் நானும் நீயும் நினைத்தது இல்லை, ரிஃபாத். "அம்மா, நானே இக்ராமுக்குத்தான் ஓட்டு போட்டேன். மேடையில என்னைக் கூப்பிட்டா அதைச் சொல்லணும்னு மனசுக்குள்ள வெச்சிருந்தேன். நான் சொல்லியிருந்தா அது என் பெருமை. அப்பா முந்திக்கிட்டார், இப்ப நான் சொன்னா அப்பாவே கைவிட்டவ சமாளிக்கிறான்னு ஆயிடும். ஊருக்குச் சொல்றதுக்கு முன்னால என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சொல்லி அழுதுவிட்டாள். அந்த நேரம் பார்த்து இக்ராமே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள், இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. தோள் ஒவ்வொன்றும் இவ்வளவு அகலம், நாக்கு அதைவிட. "ஓ, நீங்கதான் அந்த வீட்டம்மாவா? உங்க வீட்டுக்காரர் எனக்கு வக்காலத்து வாங்கினாலும் வாங்கினார், இப்ப எவனைப் பார்த்தாலும் என் தலையைத் தடவிட்டு 'உனக்குத்தாம்மா போட்டேன்' என்கிறான். நான் என்ன அனாதை விடுதி உண்டியலா? அவர்கிட்ட நேருல ரெண்டு வார்த்தை கேட்கணும்" என்றாள். கேட்கத்தானே வேண்டும், வா, எங்கள் வீட்டுக்கே வந்து கேள் என்று அழைத்தேன். நாஹித் என்னை முறைத்தாள், நான் கவனிக்காதவள் மாதிரி எலும்பைப் பொறுக்கினேன்.

விருது வழங்கிய அன்று ஃபிக்ரிய்யா அத்தை பொறுமையில்லாமல் மதியமே சந்து முழுக்கக் கல்யாண விளக்கு கட்டி, சர்பத்தையும் கரைத்து வைத்துவிட்டாள். கடைசியில் பெயர் வந்தது பந்துக்காரனுக்கு. அவன் வரக்கூட இல்லை, அவன் மச்சினன் வந்து வாங்கிக்கொண்டு போனான். ஹமீஸுக்கே வெட்கமாகப் போய்விட்டது, "மச்சினனுக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன்" என்றார். கரைத்த சர்பத்தை என்ன செய்வது, எல்லாரும் குடித்தோம். அப்போது காமிரா நம் நாஹித் பக்கம் திரும்பியது, பக்கத்தில் இக்ராம் அவள் காதில் ஏதோ சொல்கிறாள், இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கின்றன. உன் அப்பா திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். மகள் சிரித்ததை அவர் எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்க்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு துடைக்க ஒன்றுமில்லாத கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

போன வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். நம் கட்டிடத்து மின்தூக்கி நீ பிறந்ததிலிருந்து வரப்போகிறது, இன்னும் வரப்போகிறது. நாலு மாடி. காப்பிக் கடை ஆட்கள் எல்லாம் நாற்காலியைத் தூக்க ஓடிவந்தார்கள். இக்ராம், "கையை எடுங்க, நான் என்ன பீரோவா?" என்று அதட்டினாள், எல்லாரும் பின்வாங்கினார்கள். நாஹித் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குனிந்து, "ஏறுடி" என்றாள். முதுகில் ஏற்றிக்கொண்டு படியேற ஆரம்பித்தாள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது, அத்தை பின்னாலேயே வந்து, "மூச்சை விடு, முழங்காலைப் பார்" என்று ஏதோ பயிற்சியாளர் மாதிரி உத்தரவு போட்டாள். நான் மேலிருந்து குலவையிட்டேன், உள்ளே நின்றுபோனதையும் சேர்த்து. இக்ராம் முதுகிலிருந்தபடியே, "ஷஹாத்தா மாமா! எங்க ஒளிஞ்சிருக்கீங்க? என் ஓட்டை உங்க மகளுக்குத்தான் போட்டேன், கேட்டுக்கோங்க! என்னை எவ நாலு மாடி தூக்குவா?" என்று கட்டிடமே அதிரக் கத்தினாள்.

உன் அப்பா உள்ளேதான் இருந்தார். தொழுகைக்குப் போட்ட வெள்ளை அங்கியோடு மெதுவாக வெளியே வந்தார். பட்டறையிலிருந்து கொண்டுவந்த கைவைத்த நாற்காலி ஒன்றை வாசலில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். நாஹித் கடைசிப் படியேறி அவர் எதிரில் வந்து நின்றாள், முகம் சிவந்து கால் நடுங்குகிறது, இன்னும் அவரைப் பார்க்கவில்லை. அப்போது அவர் வலது கையை மேலே தூக்கினார். எடையைத் தூக்கியவள் நடுவரின் கை இறங்கும்வரை அதைக் கீழே போடக் கூடாது, போட்டால் தூக்கியது செல்லாது, உனக்குத்தான் தெரியுமே. நாஹித் அந்தக் கையைப் பார்த்தாள். அப்படியே அசையாமல் நின்றாள். "இறக்குடி, செத்துடுவே" என்று இக்ராம் கத்துகிறாள், இவள், "இரு, கை இறங்கலை" என்கிறாள். கண் அப்பாவின் கையைவிட்டு நகரவில்லை. அவருக்கோ கையை இறக்கத் தெரியவில்லை, மேலேயே தூக்கி வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுகிறார். "கையை இறக்குங்க மனுஷா, பிள்ளை முதுகு போகுது!" என்று நான் கத்திய பிறகுதான் கை இறங்கியது. இக்ராமை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "அடுத்த தடவை முதல்ல என்கிட்ட சொல்லுங்க" என்றாள். "சொல்றேம்மா" என்றார். அவ்வளவுதான், பிறகு சாப்பிட உட்கார்ந்து யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று மூன்று பேரும் மறுபடியும் சண்டை போட ஆரம்பித்தார்கள், வாத்து ஆறிப்போயிற்று.

இனி உன் முறை, ரிஃபாத். உன் கருத்தை மாற்றிக்கொள் என்று சொல்லவில்லை. அவரைக் கூப்பிட்டு, நீங்கள் செய்தது தப்பு என்று சொல், கத்து, அவரும் கத்துவார், அது போதும். இதை எழுதும்போதும் அவர் மடியில் அந்தப் போன் இருக்கிறது. வெளியே கிளம்பும்போது கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள், அந்த ஊர்ப் பனி நெஞ்சில் இறங்கிவிடும். உன் கைக்கு வலுவும், உன் வழிக்கு வெளிச்சமும், உன் தட்டுக்குப் பரக்கத்தும் அல்லாஹ் தருவானாக. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வருகிற நேரத்தில் கூப்பிடு, நான் போனை எடுக்க மாட்டேன்.

உன் முகத்தை நெஞ்சில் வைத்திருக்கும்
அம்மா,
இன்ஷிராஹ்